தண்டம் நிலவுக்குத்தான்

மூன்று வயது மகள் கோலமாவு டப்பாவை நடுக்கூடத்தில் கவிழ்த்து, அதன் மேலேயே சம்மணமிட்டு அமர்ந்து, கன்னம் நிறைய அப்பிக்கொண்டிருந்ததைக் கண்டதும், நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "யாரடி இந்த வெள்ளைப் பூனை? சாக்கில் போட்டுக் கட்டிவிடவா?" என்று அதட்டினேன். அவள் "மியாவ்" என்றாள். வாலு, போக்கிரி, திருட்டுக் கழுதை என்று ஒரு நாளில் அவளுக்கு விழும் வசவுகளை எழுத்தில் மட்டும் படிப்பவர் என்னைக் கொடுமைக்காரன் என்றே எண்ணுவார்.

இந்தப் பொய்க்கோபம் பிள்ளையைக் கெடுத்துவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக்கிப் பருவம் பருவமாகப் பாடும் பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தில், குழந்தையோடு விளையாட வரும்படி நிலவை அழைக்கும் புலவர்கள் சாமம் (இன்சொல்), பேதம் (வேற்றுமை காட்டல்), தானம் (கொடுத்தல்), தண்டம் (மிரட்டல்) என்னும் நான்கு உபாயங்களையும் கையாள்வார்கள். அங்கே மிரட்டல் முழுவதும் நிலவுக்குத்தான், மடியிலிருக்கும் பிள்ளைக்கு அல்ல. சிற்றில் பருவத்திலோ, மணல்வீட்டை உதைக்க வரும் ஆண்பிள்ளையிடம் சிறுமியர் "சிதைக்காதே" என்று மன்றாடுகிறார்கள். அந்தக் குறும்புக்கென்றே ஒரு பருவம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறார்கள். புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி காட்டும் குழந்தையும், நெய்ச்சோற்றைக் கையால் துழாவி உடம்பெல்லாம் சிதறிக்கொள்கிறது. (மக்களில்லாதவர் வாழ்நாளுக்குப் பயனில்லை என்று அவன் முடிப்பதை நான் ஏற்கவில்லை, சோறு சிந்தும் அந்தக் கையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.)

எனக்குக் குறையாகப் படுவது வேறொன்று. சென்ற மாதம் விருந்தினர் வந்திருந்தபோது, அவள் தண்ணீர்ச் செம்பைப் பாயில் கவிழ்த்து அதில் கையால் தாளம் போட்டாள். தனியே இருந்திருந்தால் நானும் உடன் தட்டியிருப்பேன். "பிள்ளையை அடக்கி வளர்க்கத் தெரியவில்லை" என்று வந்தவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் உரக்கக் கத்திவிட்டேன். அவள் முதலில் சிரித்தாள். வழக்கமான விளையாட்டு என்று நம்பி, அடுத்து நான் சிரிப்பதற்காகக் காத்திருந்தாள். நான் சிரிக்கவில்லை. பிறகுதான் உதடு பிதுங்கியது. செம்பும் தண்ணீரும் தினமும் உள்ளவைதாம். அன்று புதிதாக இருந்தவை நான்கு பேருடைய கண்கள் மட்டுமே, அவற்றுக்குப் பயந்தவன் நான், அழுதவள் அவள்.

அன்றிலிருந்து நான் குரலை உயர்த்தினால், பூனையாவதற்கு முன் அவள் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, "அப்பா, நெசமாவா, சும்மாவா?" என்று கேட்கிறாள். "சும்மாதான்டி" என்று சொன்ன பிறகே "மியாவ்" வருகிறது.