பம்ப் ரூம் சுவரில் எழுதி வையுங்கள்

ஞாயிற்றுக்கிழமை பி பிளாக் சமையலறைக் குழாய்களில் மஞ்சளாகத் தண்ணீர் வந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஓடிய மெசேஜ்கள்தான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. "புது ஆபரேட்டருக்கு ஒண்ணும் தெரியல, ஆளை மாத்துங்க." பம்பையும் வால்வையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாதவர் அவர். தெரிந்துகொள்ள நாம் என்ன வைத்திருந்தோம்? ஒரு காகிதம் இல்லை. ஒரு வால்வில்கூட நம்பர் இல்லை. எந்த பைப் எங்கே போகிறது என்பது பழைய ஆபரேட்டருக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஊரோடு போய்விட்டார்.

நடந்ததைச் சரியாகச் சொல்கிறேன். மொட்டைமாடியில் நல்ல தண்ணீர் டேங்கும், கழிப்பறைகளுக்குச் சுத்திகரித்த கழிவுநீர் போகிற ஃப்ளஷ் டேங்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ரிப்பேரானால் ஃப்ளஷுக்கு நல்ல தண்ணீர் விட, இரண்டுக்கும் நடுவே அடிப்பக்கத்தில் ஒரு பைபாஸ் வால்வு. ஃப்ளஷ் டேங்க் காலியானதும் அவர் அதைத் திறந்தார். திறந்தால் மூடியே ஆக வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எஸ்டிபி பம்ப் மறுபடி ஓடி ஃப்ளஷ் டேங்கில் மட்டம் ஏறியதும், சுத்திகரித்த கழிவுநீர் அதே பைப் வழியாக நல்ல தண்ணீரில் கலந்துவிட்டது. அந்த இணைப்பே தப்பு. நல்ல தண்ணீர் பைப், ஃப்ளஷ் டேங்கின் உச்சியில், நிரம்பி வழியும் மட்டத்துக்கும் மேலே இடைவெளி விட்டு நின்று கொட்ட வேண்டும். அடியில் சேரவே கூடாது. இத்தனை வருடத்தில் ஒருமுறை யாராவது இதைக் கையால் வரைந்து பார்த்திருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். எழுதி வையுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான்.

பில்டர் கொடுத்த டிராயிங் இருக்கிறதே என்பார்கள். வீட்டுமனை, கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016 ரெரா சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி வரைபடங்களையும் ஆவணங்களையும் சங்கத்திடம் ஒப்படைப்பது பில்டரின் கடமை. கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் கைக்கு வருவது அனுமதிக்காகப் போட்ட டிராயிங். தரைக்குள் பைப் ஓடுவது வேறு வழியில்.

எந்த பைப், எந்த வால்வு எங்கே என்பதை ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுத முடியாது. ஆபரேட்டர் முன்னால் நடக்க, ஒருவர் எழுத, ஒருவர் போட்டோ எடுக்க, சம்ப்பில் தொடங்கி மாடி வரை பைப்பைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வால்விலும் நம்பர் குத்திய அலுமினியத் தகடு, துருப்பிடிக்காத கம்பியில். பெயின்ட் வெயிலில் போய்விடும். நம்பருக்கு எதிரே மூன்று விஷயம்: எந்த லைன், வழக்கமாகத் திறந்திருக்குமா மூடியிருக்குமா, மாற்றினால் எங்கே தண்ணீர் நிற்கும். பால் வால்வு என்றால் கைப்பிடி பைப்போடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. சக்கரம் போலத் திருகுகிற கேட் வால்வைப் பார்த்துப் பெரும்பாலும் எதுவும் சொல்ல முடியாது. முழுதாக மூட எத்தனை சுற்று என்று எண்ணி எழுத வேண்டும். மாதக்கணக்கில் தொடாவிட்டால் அது இறுகிப்போகும், அவசரத்துக்குத் திருகினால் தண்டு முறியும்.

பேனலில் எந்த எம்சிபி (பாதுகாப்பு ஸ்விட்ச்) எதற்கு என்பதோடு, மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் நிறுத்துகிற ஓவர்லோடு ரிலே எத்தனை ஆம்பியரில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். 5 எச்பி த்ரீ பேஸ் மோட்டார் முழு லோடில் சுமார் ஏழரை ஆம்பியர் எடுக்கும். சரியான கணக்கு நேம் பிளேட்டில் இருக்கும். ட்ரிப் ஆகிறதே என்று ஒருவர் டயலைப் பத்துக்குத் திருகி வைத்துவிட்டுப் போனால், அடுத்த முறை ட்ரிப் ஆகாது, மோட்டார் காயில் எரியும். கேபிள் வேலை நடந்து இரண்டு பேஸ் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் வரும், தண்ணீர் மேலே ஏறாது. சரியான சுழற்சியை மோட்டார் மேலேயே அம்புக்குறியாகப் போட்டுவிட்டால் ஐந்து நிமிட வேலை.

போர்வெல்லைக் கேட்கவே வேண்டாம். மோட்டாரைத் தூக்க ஆள் வந்து நிற்கும்போது எத்தனை பைப் இறங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாத குடியிருப்புகள் எத்தனையோ. 20 அடி ஜிஐ பைப் 12 இறங்கியிருந்தால் மோட்டார் 240 அடியில் இருக்கிறது. இந்த ஒரு வரி பில்லின் பின்பக்கத்தில் இருந்திருந்தால் போதும்.

எழுதியதும் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. பம்ப் ரூமுக்கே வராத ஒருவர் கையில் அந்தத் தாளைக் கொடுத்து, "சி பிளாக் லைனை மட்டும் மூடு" என்று சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே தாள் தப்பு. பிறகு ஒரு விதி: எந்த வேலை நடந்தாலும், மாற்றத்தைத் தேதியோடு எழுதி, குழியை மூடும் முன் அளவு டேப் வைத்து எடுத்த போட்டோவும் வந்த பிறகே பில் பாஸ். ஃபைல் சங்கத்தின் மெயிலில் இருக்க வேண்டும். ஒருவரின் சொந்த மெயிலில் இருந்தால் அவர் வீட்டை விற்றதும் அதுவும் போகும்.

"இதெல்லாம் சுவரில் ஒட்டினால் பாதுகாப்பா?" பம்ப் ரூமுக்குப் பூட்டு இருக்கிறது. "ஆப் வாங்கிடலாமே?" வாங்குங்கள், அதிலும் யாராவது எழுதத்தானே வேண்டும்.

"எல்லாத்தையும் எழுதி வாங்கிட்டா நாளைக்கு என்னை அனுப்பிடுவாங்களே" என்று அனுபவமுள்ள ஓர் ஆபரேட்டருக்கு வரும் பயத்துக்கு மட்டும் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அது நியாயமான பயம். இருட்டில் கைவைத்தே வால்வைக் கண்டுபிடிக்கிற அறிவுதான் அவருடைய பலம். அதை நாம் சம்பளத்தில் மதித்தோமா? எஸ்டிபியில் காற்று ஊதும் ப்ளோயர் ராத்திரி நின்றால் நாற்றம் வரும் முன்பே எழுந்து ஓடுகிறவரை வாட்ச்மேனுக்கு ஒரு படி கீழே வைத்திருக்கிறோம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், உள்ளே விஷவாயு என்று தெரிந்தும், "கொஞ்சம் இறங்கிப் பாரு" என்று சொல்லக்கூடிய ஆட்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். அந்தத் தாளின் முதல் வரியே "யாரும் உள்ளே இறங்கக் கூடாது" என்று இருக்கட்டும். எழுதிக் கொடுப்பவருக்குச் சம்பளத்தை உயர்த்துங்கள். தாளில் அவர் பெயரைப் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் புது ஆபரேட்டர் டேங்கை முழுக்க வடித்து, தேய்த்து, குளோரின் போட்டு, மறுபடி நிரப்பி முடிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அவரும் அதே குரூப்பில் இருக்கிறார், எல்லா மெசேஜையும் படித்திருக்கிறார். "ஆளை மாத்துங்க" என்று எழுதியவர்கள் அங்கேயே, எல்லோரும் பார்க்க, அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பைபாஸ் வால்வை எடுத்துவிட்டுப் பைப்பை மேலே ஏற்றுகிற வேலைக்குக் கமிட்டி இந்த வாரமே ஒப்புதல் கொடுக்க வேண்டும்.