அது அப்பாவின் கப்பல் இல்லை

கடற்படை நாளன்று ஒரு குழுவில் பகிரப்பட்ட ‘ராஜ்புத்’ போர்க்கப்பல் படத்தைப் பற்றி இனி பேச வேண்டாம் என்று மூன்று நாட்கள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று அந்தக் குழுவின் நிர்வாகி, "பெயர் ஒன்றுதானே சார், விடுங்களேன்" என்று பதில் போட்டார். விட முடியவில்லை.

பெயர் ஒன்றுதான். கப்பல் இரண்டு.

நீங்கள் போட்ட படத்தில் இருப்பது சோவியத் நாட்டில் கட்டி, 1980 மே மாதம் நம் கடற்படையில் சேர்ந்து, 2021 மே 21 அன்று விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்ற ராஜ்புத். அதன் கீழே "1971-இல் காஜியை மூழ்கடித்த வீரக் கப்பல்" என்று எழுதி இரண்டு தேசியக் கொடிகளும் நட்டிருக்கிறீர்கள். காஜி என்பது அந்தப் போரில் விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல். சேர்வதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே போர் புரிந்த கப்பல் உலகிலேயே இது ஒன்றுதான் போலிருக்கிறது. வாழ்த்துகள்.

1971-இல் கடலுக்குப் போன ராஜ்புத் வேறு. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில், குவீன் மேரி என்ற பெரிய பயணிகள் கப்பலைக் கட்டிய அதே ஜான் பிரவுன் தளத்தில், 1942 மார்ச் 21 அன்று ராதர்ஹாம் என்ற பெயரில் நீரில் இறங்கியது. 1944 ஏப்ரலில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட நேசநாட்டுக் கடற்படையோடு, ஜப்பானியர் வசமிருந்த, இன்றைய இந்தோனேசியாவின் சபாங் மீதான தாக்குதலுக்குப் போனது. அடுத்த மாதம் அதே நாட்டின் சுரபயா. போர் முடிந்து 1949-இல் நம்மிடம் வந்தது. கூடவே வந்த ரைடர், ரிடவுட் என்ற கப்பல்கள் ராணா, ரஞ்சித் ஆயின. காஜி மூழ்கிய விசாகப்பட்டினத்து இரவில் ராஜ்புத்துக்கு வயது இருபத்தொன்பது. 1976-இல் பணியிலிருந்து விலக்கப்பட்டது. அதன் பெயரைத்தான் 1980-இல் வந்த கப்பலுக்கு வைத்தார்கள். பெயரை. சண்டையை அல்ல.

என் அப்பா பழைய ராஜ்புத்தில் 1964 முதல் மூன்று ஆண்டுகள் பாய்லர் அறையில் வேலை பார்த்தவர். இரண்டு பாய்லர்கள், நாற்பதாயிரம் குதிரைத்திறன். மேலே வந்து காற்று வாங்கினால்தான் தான் உயிரோடு இருப்பது தெரியும் என்பார். இடது காது அங்கேயே போய்விட்டது. வலது காதுக்குத்தான் நாங்கள் கத்துகிறோம்.

கடந்த ஆண்டு முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. யார் நடத்தினார்கள் என்று சொல்லப்போவதில்லை. பொன்னாடை, மாலை, ஒரு கேடயம். கேடயத்தில் இதே படம். அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். "எங்க கப்பலுக்கு ஒரே புகைபோக்கிடா. இதுல நாலு இருக்கே" என்றார். நான் என்ன சொல்வது? அந்தச் சோவியத் கப்பல் ஓடியது எரிவாயு டர்பைனில். அதில் பாய்லரே கிடையாது. அப்படியென்றால் என் அப்பா மூன்று ஆண்டுகள் எங்கே வியர்வை சிந்தினார்? யாராவது சொல்லுங்கள்.

"கடற்படை மரபில் பெயர்தான் முக்கியம், பழைய கப்பலின் புகழ் புதியதையும் சேரும்" என்று ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன், நல்ல மரபுதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வீட்டிலும் உண்டு. அதற்காகப் பேரனின் படத்துக்கு மாலை போட்டுத் தாத்தாவுக்குத் திவசம் கொடுப்பீர்களா?

இன்னொருவர், காஜியை ராஜ்புத்தான் மூழ்கடித்தது என்பதே சர்ச்சை என்கிறார். ஆமாம், சர்ச்சைதான். உள்வெடிப்பு அல்லது அவர்களுடைய கண்ணிவெடியே காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பு. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டித் துறைமுகத்தை விட்டு வெளியேறிய ராஜ்புத்தின் தளபதி லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் நீருக்குள் வெடிக்கும் குண்டுகளைப் போட்டார் என்பது நம் தரப்பு. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று. காஜி தேடிவந்த நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் அந்தமான் பக்கம் ஒளிந்திருக்க, இந்தக் கிழட்டுக் கப்பலை விக்ராந்தாக நடிக்கவைத்துக் கம்பியில்லாத் தந்திகளை அனுப்பவைத்தவர் நாகர்கோவிலில் பிறந்த, அப்போது கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவராக இருந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். ஒரு மாலுமி தன் தாயின் உடல்நிலையை விசாரிப்பதுபோல ஒரு தந்தி அனுப்பியதையும் அவரே எழுதியிருக்கிறார். அந்த நடிப்பில் சர்ச்சை இல்லை. நடித்தது எந்தக் கப்பல் என்பதிலும் இல்லை. இவ்வளவு கதை இருக்கிறது; நீங்கள் ஒரு தப்பான படத்தை ஒட்டிவிட்டுப் போகிறீர்கள்.

"பிரிட்டிஷ்காரன் கழித்துக்கட்டிய பழைய இரும்புக்கு ஏன் இவ்வளவு பாசம்?" இதை எழுதியவர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார். இன்று இரவு வரைதான் இருப்பார். பழைய இரும்புதான் ஐயா. அந்தப் பழைய இரும்புக்குள் இருபது வயதுப் பையன்கள் இருந்தார்கள்.

கோபம் எதற்கென்று எனக்கே இப்போது குழப்பமாக இருக்கிறது. படத்துக்கா? அல்லது இத்தனை ஆண்டுகளில் ஒரு விழாக்காரர் கூட, ஒரு நிமிடம் அப்பாவின் அருகில் உட்கார்ந்து "உங்கள் கப்பல் எப்படி இருக்கும்?" என்று கேட்கவில்லையே, அதற்கா? எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "காஜியை மூழ்கடித்தபோது நீங்கள் இருந்தீர்களா?" இல்லை. அப்போது அவர் பம்பாயில் வேறு பணியில் இருந்தார். ஒவ்வொரு முறையும் அதை அவரே சொல்லிவிடுவார். கேட்டவர் முகம் வாடிப்போகும். அதற்கும் அப்பாதான் மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரிப்பார். எண்பத்து நான்கு வயதில் தான் இல்லாத இரவுக்கு இப்படிக் கணக்குச் சொல்கிறவர் இருக்கும் வீட்டில்தான் உங்கள் "விடுங்களேன்" வந்து விழுந்தது.

நிர்வாகி அவர்களே, அப்பாவிடம் 1965-இல் மேல்தளத்தில் எடுத்த சிறிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. ஓரம் கிழிந்திருக்கிறது, பின்னால் ஒற்றைப் புகைபோக்கி தெளிவாகத் தெரிகிறது. ஸ்கேன் செய்து உங்கள் உள்பெட்டியில் போட்டிருக்கிறேன். மாற்றிவிடுங்கள். அப்பாவின் பெயர் வேண்டாம்.