கடாரத்தில் இருந்துகொண்டு 'கடாரம் கொண்டான்' சட்டை

போன ஞாயிறு காலையில் என் அக்கா மகன் புதுச் சட்டை போட்டு வந்து நின்றான். கறுப்புத் துணி, நெஞ்சில் பாயும் புலி, அதன் கீழே கொட்டை எழுத்தில் 'கடாரம் கொண்டான்'. "எப்படி மாமா இருக்கு?" என்றான். நல்லாத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் நின்றது பீடோங் டவுனில். மலேசியாவின் கெடா மாநிலம். கடாரமே இதுதானே! அவன் பிறந்தது பக்கத்துச் சுங்கைப் பட்டாணியில். என் தாத்தா பால் மரம் சீவியதும் இதே மண். கொண்டவனும் நாமே, பறிகொடுத்த ஊர்க்காரனும் நாமே என்றால், இந்தச் சட்டையை யாரிடம் காட்டப் போட்டுக்கொள்கிறோம்?

"1025 மாமா. ஆயிரம் வருஷம் ஆச்சு" என்றான். வருஷத்தில் பிழையில்லை. ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்ததும், கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டதும், அவன் நகர வாசலில் இருந்த வித்தியாதரத் தோரணம் கைமாறியதும் மெய்க்கீர்த்தியிலேயே இருக்கிறது. சரி, 1006-ல் என்ன நடந்தது தெரியுமா என்று கேட்டேன். முழித்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கோயில் திருவிழா மேடையில் மைக் பிடிக்கும் பெரியவர்களுக்கே அது வாயில் வராது.

நம் சமய வரலாற்றில் பெரிய தருணம் எது என்று என்னைக் கேட்டால் அந்த 1006-ஐத்தான் சொல்வேன். கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். தன் அப்பா சூளாமணிவர்மன் பெயரில் சூளாமணி விகாரம். எழுப்பியவன் பௌத்தன், அயல்நாட்டான். மண்ணோ தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிக்கொண்டிருந்த ராஜராஜனுடையது. 'சிவபாதசேகரன்' என்று பட்டம் வைத்துக்கொண்ட ஆள் அவன். அந்த ஆள், புத்தர் கோயிலுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே எழுதிக்கொடுத்தான். ஆண்டுக்கு 8943 கலம் நெல்லும் சொச்சமும்.

எனக்குப் பிடித்தது அந்தக் கொடையைவிடவும் அதைக் கொடுத்த விதம். வாயால் "எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு பெண் யானையை ஊர் எல்லை நெடுக நடத்திக்கொண்டு போனார்கள். அது சுற்றி வந்த கோட்டில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். அதற்குப் பிறகு ஓலையில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நம் பாஷையில் சொன்னால், கிராண்ட் (நிலப் பத்திரம்) எடுத்துக் கையில் கொடுத்தார்கள். ஓலை செல்லரிக்கும் என்று பின்னால் செம்பிலும் வெட்டினார்கள். மொத்தம் 21 ஏடு: சமஸ்கிருதத்தில் 5, தமிழில் 16. இன்று அவற்றை லெய்டன் செப்பேடுகள் என்கிறார்கள். ஹாலந்துக்குப் போனதால் வந்த பெயர்.

செம்பில் வெட்டவைத்தது யார் என்கிறீர்கள்? ராஜராஜன் போன பிறகு அவன் மகன் ராஜேந்திரன். சட்டையில் இருக்கும் அதே கடாரம் கொண்டான்! அப்பா கொடுத்த வாக்கைச் செம்பில் நிலைநிறுத்திய கைதான் பிறகு கப்பலையும் அனுப்பியது. சீன வணிகத்துக்கான கடல்வழிப் போட்டிதான் சண்டைக்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள், இருக்கட்டும். அந்தச் சண்டைக்குப் பிறகும் நாகப்பட்டினத்து விகாரம் நின்றது. 1090 வாக்கில் கடாரத்துத் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் போய், விகாரத்துக்கு விட்ட ஊர்களுக்கு வரிவிலக்குக் கேட்டு வாங்கினார்கள். அது 3 ஏட்டில் தனியாக இருக்கிறது. அடித்துக்கொண்ட இரண்டு வீட்டார் பழைய பத்திரத்தை மட்டும் கிழிக்காமல் வைத்திருந்த மாதிரி.

இதைக் கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, தேத்தாரே (நுரை வர ஆற்றும் தேநீர்) இழுத்துக்கொண்டிருந்த மாமாக் கடை நானா, நம் தமிழ் முஸ்லிம் கடைக்காரர், குறுக்கே வந்தார். "எங்க நபி மதீனாவுக்குப் போனதும் பள்ளிவாசலுக்கு எடம் பார்த்தாங்க. தகப்பன் இல்லாத ரெண்டு பிள்ளைங்களோட எடம். சும்மா எடுத்துக்கங்கன்னுதான் சொன்னாங்க. நபி கேக்கல, காசு கொடுத்துத்தான் வாங்கினாங்க." 622 என்றால் ஹிஜ்ரா என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு சரி, இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கிறிஸ்தவர்களின் 313-ம் அப்படித்தான். ரோமப் பேரரசின் மிலான் ஆணை என்றால் 'வழிபாட்டுச் சுதந்திரம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். எடுத்துப் படித்தால், பறித்த வழிபாட்டு இடங்களைக் காசு கேட்காமல் திருப்பிக் கொடு என்று சொல்வதற்கே அதில் நிறைய இடம் போயிருக்கிறது. மலாக்காவில் செட்டிகளின் பொய்யாத விநாயகர் கோயில் 1781-ல் எழுந்ததும், டச்சுக்காரர்கள் நிலம் விட்டதால்தான்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இந்த விஷயம் வேறு மாதிரி சுடும். எங்கள் மாரியம்மன் லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ரப்பர் பால் ஸ்டோருக்கும் நடுவில் இருந்தாள். வெள்ளைக்காரத் துரை காலத்தில், "கோயிலை யாரும் தொடமாட்டார்கள்" என்று தண்டல் மூலமாகச் சொல்லியனுப்பினாராம். அப்பா சாகிறவரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். துரை போனார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் கைமாறித் தாமான் (குடியிருப்பு) கட்ட ஆட்கள் வந்தார்கள். கோயில் எந்த நிலத்தில் இருக்கிறது, காகிதம் எங்கே என்று கேட்டார்கள். எங்களிடம் இருந்தது அப்பாவின் வாய்ச்சொல்லும், பழைய ரசீதுப் புத்தகம் ஒன்றும். அம்மனைக் கும்பத்தில் இறக்கி, சிலையை ஈரச் சாக்கில் சுற்றி, லாரியில் ஏற்றிய அன்றைக்கு அம்மா லாரியில் ஏறிச் சிலையோடு உட்கார்ந்துகொண்டாள். இறங்கு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. புது இடம் கழிவுநீர்க் குளத்துக்கு அடுத்த மனை. சாம்பிராணி போட்டாலும் வாடை வந்துவிடும்.

அதனால்தான் பத்திரம் பத்திரம் என்று அடித்துக்கொள்கிறேன். ஆனால் பத்திரம் எழுதிவிட்டால் போதும் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. அந்தச் சூளாமணி விகாரத்துக்கு என்ன ஆனது? நாகப்பட்டினத்தில் 'சீனக் கோயில்' என்று சொல்லிக்கொண்டு எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரத்தை, விகாரத்தின் மிச்சம் என்று கருதப்பட்டதை, ஏசு சபைப் பாதிரியார்கள் அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி 1867-ல் இடித்தார்கள். அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து சுமார் 350 புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்திருக்கின்றன. அதே 1867, மே 23-ல்தான் வடலூரில் வள்ளலார் தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தை எழுதிக்கொடுத்திருந்தார்கள். அடுப்பு இன்னும் எரிகிறது. ஒரே ஆண்டில் ஒன்று இடிந்தது, ஒன்று எழுந்தது. இது தற்செயல்தான், இதில் கணக்கு எதுவும் இல்லை. எனக்கு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். சுங்கை பத்து தோட்டத்தில் ஆயிரம் ஆண்டைத் தாண்டிய ஒரு கோயிலின் அடித்தளம் இருந்தது. தொல்லியல் கணக்கில் 11-ம் எண் சண்டி; சண்டி என்றால் மலாயில் பழங்கோயில். தனியார் நிலம். 2013-ல் வீடு கட்ட நிலத்தைச் சமன் செய்தபோது அதையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். டிசம்பரில் செய்தி வந்த பிறகுதான் நமக்கெல்லாம் அப்படி ஒன்று இருந்ததே தெரியும். கடாரத்தை வென்றோம் என்று சட்டை அடிக்கிறோமே, கடாரத்தில் மிச்சமிருந்த கல்லை எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? எங்கள் வீட்டிலிருந்து அது மோட்டார் சைக்கிளில் போகிற தூரம். நானும் போனதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா மகனைக் காரில் ஏற்றி மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். ஜெராய் மலை அடிவாரம், பக்கத்தில் ஆற்றுச் சத்தம். புக்கிட் பத்து பகாட் சண்டியின் கருங்கல் படியில் ஏறி நின்று தொட்டுப் பார்த்தான். ஈரமாக, பாசி பிடித்திருந்தது. கூரை இல்லை, தூண் நிறுத்திய கல் மட்டும் வரிசையாக இருந்தது. காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பெரியவர் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று மலாயில் கேட்டார்.

"ஒரு ராஜா பேரு பாக்சிக்" என்றான்.

"எந்த ராஜா? கெடா ராஜாவா?"

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.