அந்த அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்?

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

அந்த ஒன்றரை வயதுக் குழந்தை தண்ணீர் டப்பில் விழுந்து இறந்த செய்தி எல்லோரும் பார்த்ததுதான். கீழே வந்த கமெண்டுகளையும் பார்த்திருப்பீர்கள். “அம்மா செல்போன் நோண்டிக்கொண்டிருந்தாளா?” அதற்குச் சிரிப்பு எமோஜி வேறு.

வேலை செய்துகொண்டிருந்திருப்பாள் சார். மாட்டுக்குத் தண்ணி காட்டியிருப்பாள், உலை வைத்திருப்பாள். வாரத்துக்கு ஒருமுறை குழாய் வரும் ஊரில் டப், அண்டா, சிமெண்டுத் தொட்டி எல்லாம் நிரம்பித்தான் இருக்கும். தத்தி நடக்கும் பிள்ளைக்குத் தலை கனம். எட்டிப் பார்த்தால் குப்புற விழும், எழத் தெரியாது. அரை அடித் தண்ணீர் போதும். பெரும்பாலும் சத்தமும் வராது.

“மூடி வைக்கலாமே?” வைக்கத்தான் வேண்டும். அதிலிருந்து நாளெல்லாம் மொண்டவர்களுக்குத்தான் தெரியும் அந்த மூடியின் கதை.

என் சித்தியின் மூத்த பையன் தோட்டத்துத் தொட்டியில்தான் போனான். அவள் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். சித்தப்பாவும் அதே களத்தில்தான் நின்றார். இன்றைக்கும் விசேஷ வீடுகளில் “பிள்ளையப் பாக்கத் தெரியாதவ” என்று சித்தி காதுபடப் பேசுகிறார்கள். சித்தப்பாவுக்குப் பந்தியில் முதல் இலை.

அலட்சியமான அம்மாக்களே கிடையாதா என்பீர்கள். இருப்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பங்களாதேஷ் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குளம். அம்மாக்கள் வேலையில் மூழ்கியிருக்கும் காலை 9 முதல் 1 மணி வரை சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து ‘ஆஞ்சல்’ என்ற காப்பகங்களை வைத்தார்கள். அங்கே வந்த பிள்ளைகள் நீரில் மூழ்கிச் சாவது வெகுவாகக் குறைந்தது. யாரும் அம்மாவைத் திருத்தவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள்.

இங்கே அங்கன்வாடி 1975-லிருந்து இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான ஊர்களில் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பது சத்துமாவுதான்; விட்டுவிட்டு வேலைக்குப் போக இடமில்லை. நூறு நாள் வேலைச் சட்டம் 2005-லேயே சொன்னது, வேலையிடத்துக்கு ஐந்து பிள்ளைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை விட வேண்டும் என்று. எத்தனை இடத்தில் விட்டார்கள், உங்கள் ஊரிலேயே விசாரியுங்கள்.

மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் 2019-இல் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. கைவிட்ட குழிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2010-லேயே உத்தரவு போட்டிருந்தது. அதைச் செய்யாதவர்கள் என்ன நோண்டிக்கொண்டிருந்தார்களாம்?

அப்பா எங்கே என்று அத்தனை கமெண்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

நியாயம் பேச வருபவர்கள் வாருங்கள். “அம்மா என்ன செய்தாள்” என்று ஆரம்பித்தால் பிளாக்தான். சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.