ஆவன செய்ய வேண்டியது யார்?

கிராம சுகாதார செவிலியராக நீலகிரியில் ஏறி இறங்கிய காலமெல்லாம் என் தோளில் தொங்கியது தடுப்பூசிப் பெட்டி. ஓய்வு பெற்ற பிறகு கைக்கு வந்திருப்பது பேனா. நான் உறுப்பினராக உள்ள பொதுச் சுகாதாரச் சங்கம் ஒன்று, ஆண்டு மாநாட்டுக்கு முன்னால் உறுப்பினர்களிடமிருந்து கொள்கை முன்மொழிவுகளைக் கேட்டு வாங்கும். மூன்று ஆண்டுகளாக எழுதி அனுப்புகிறேன். தடுப்பூசிப் பெட்டியே தேவலாம்.

முதல் ஆண்டு எழுதியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. இலை எடுக்கும் பெண்களுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கழிப்பறை வேண்டும் என்பதுதான் பொருள். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு சரிவில் ஏறுகிறவர்கள் மாலை வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் அட்டை, காட்டுமாடு, போதாக்குறைக்கு மேலே சாலையில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் சுற்றுலாக்காரர்கள். அடக்கி அடக்கி நீர்க்கடுப்போடு துணை சுகாதார நிலையத்துக்கு வந்த பெண்களுக்குக் கணக்கே இல்லை. மாதவிலக்கு நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஆறு பக்கம் உருகி உருகி எழுதிவிட்டு, "இது குறித்து அரசு உடனடியாக ஆவன செய்யுமாறு இம்மாநாடு வலியுறுத்துகிறது" என்று முடித்தேன். சரிபார்க்கும் குழுவிலிருந்த மருத்துவர் ஒருவர் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் "யார்?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். சமவெளிக்காரருக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்று இரண்டு நாள் வீட்டில் பொரிந்து தள்ளினேன். மூன்றாம் நாள் பதில் எழுத உட்கார்ந்தால் எனக்கே பதில் தெரியவில்லை. அரசு என்றால் தொழிலாளர் துறையா, ஊராட்சியா, தேயிலை வாரியமா?

அப்போதுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடிநீரும் கழிப்பறையும் முதலாளியின் கடமை என்று தெளிவாகவே சொன்னது. ஆனால் தோட்டம் என்றால் எது? 1981 திருத்தத்தின்படி 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளர்களும் இருந்தால்தான் தோட்டம். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அந்த 5 ஹெக்டேர் கோடு அப்படியே இருக்கிறது. 5 ஹெக்டேர் என்றால் பன்னிரண்டு ஏக்கருக்கும் மேல். நம் ஹட்டிகளில், அதாவது படுகர் கிராமங்களில், பெரும்பாலோர் வைத்திருப்பது ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர். ஆக, ஒரே சரிவில் வேலிக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் இலை எடுப்பவளுக்குச் சட்டம் உண்டு, இந்தப் பக்கம் எடுப்பவளுக்கு இல்லை. (சட்டம் உள்ள பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அது தனிப் பதிவு.) என் ஆறு பக்க உருக்கத்தில் இந்த வேலி எங்குமே வரவில்லை.

சான்றுகளை அடுக்கிவிட்டால் மற்றது தானாக நடக்கும் என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை இரத்த நோயின் மரபணு இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் அதை வெளியிட்டார்கள். அந்த நோய்க்கான தேசிய ஒழிப்பு இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். நடுவில் 71 ஆண்டுகள். இடையில் யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை, கூடலூர்ப் பக்கம் ஓசையில்லாமல் உழைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் சான்றுக்குக் கால் கிடையாது. யாராவது தூக்கிக்கொண்டு போய் இன்னாரின் மேசையில் வைக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு எனக்கு நேர்ந்தது வேறு. வழிகாட்டியாக எடுத்துக்கொண்டது 1872-இல் தொடங்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தை. அங்கும் உறுப்பினர்கள்தான் கொள்கை அறிக்கைகளை எழுதி முன்வைக்கிறார்கள். பிரச்சினை, சான்றுள்ள தீர்வு, செயல்படிகள் இவற்றோடு எதிர்வாதங்களையும் எழுதியே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. செயல்படிகளும் சங்கத்துக்குள் சுற்றாமல் வெளியே இன்னின்ன அமைப்பை நோக்கி இருக்க வேண்டும். எனக்கு இது பிடித்துப்போனது. எதிர்வாதம் கேட்கக் கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டிக்குப் போனேன்.

"என்னிடம் இருப்பதே எழுபது சென்ட், நர்ஸம்மா. அதிலும் கக்கூஸ் கட்டிவிட்டால் இலையை உங்கள் வீட்டு மாடியிலா வளர்ப்பது?" என்றார் பெரியவர். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பசுந்தேயிலை விலை உங்களுக்கே தெரியும். என் மனைவியும்தான் இலை எடுக்கிறாள். அவளுக்கு மட்டும் கக்கூஸ் இருக்கிறதா?"

அதை அப்படியே எழுதினேன். குழு அந்தப் பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டது. "எதிராளிக்கு நாமே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?" என்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் பெரியவரா எதிராளி? அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் ஒவ்வொரு தேயிலைக் காட்டிலும் கழிப்பறை என்ற என் கோரிக்கை எவ்வளவு அசட்டுத்தனம் என்று புரிந்தது. அந்தப் பகுதியை நீக்கிய தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது, எல்லோரும் கைதட்டினோம், பிரியாணி சாப்பிட்டுக் கலைந்தோம். எந்தக் காட்டிலும் ஒரு செங்கல் விழவில்லை.

இந்த ஆண்டு வரைவில் அவர் பேச்சைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். மறுபடி கத்தரித்தால் மாநாட்டு மேடையிலேயே வாசிப்பதாக உத்தேசம். கோரிக்கையையும் மாற்றினேன். சிறு விவசாயிகளின் இலை எல்லாம் எடை போடும் கொட்டகைக்கு வந்துதானே ஆக வேண்டும்? காட்டுக்கு ஒன்று என்று கேட்காமல், அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒன்று. கூட்டுறவுத் தேயிலை ஆலைகளின் கூட்டமைப்பான இன்கோசர்வின் கீழுள்ள ஆலைகள் கட்ட வேண்டும், ஊராட்சி தண்ணீர் கொடுக்க வேண்டும், துப்புரவுக்கான கூலியை இரண்டும் பகிர வேண்டும். உச்சிச் சரிவில் இருப்பவளுக்குக் கொட்டகை தூரம்தான். அந்தக் குறையையும் எழுதியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இலை எடுக்கும் நான்கு பெண்களை உட்காரவைத்து வரைவைப் படித்துக் காட்டினேன். "யார்?" என்று இனி எவரும் வட்டமிட முடியாது என்ற பெருமிதம் எனக்கு. கடைசிவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த மூத்தவர் எழுந்து சேலையை உதறிக்கொண்டே கேட்டார்: "எல்லாம் சரி நர்ஸம்மா, சாவி யாரிடம் இருக்கும்?"

வரைவு அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். சாவிக்கு ஒரு பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.