கை சரியில்லையா, கம்பி சரியில்லையா?

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடித் தம்பி ஒருவன், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். போன வாரம் லிஃப்டில் பார்த்தபோது, "அண்ணா, என் கிடாரை யாராவது வாங்கிப்பாங்களா?" என்று கேட்டான்.

ஏன்டா என்றேன்.

"ரெண்டு வருஷமா பார்க்கிறேன், எஃப் கார்டு விழவே மாட்டேங்குது. என் கைக்கு அது செட் ஆகாதுண்ணா." பல சுரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் ஒலிக்க வைக்கிற விரல்பிடிதான் கார்டு. எஃப் அதில் கஷ்டமான ஒன்று.

முதலில் மேலே எடுத்துக்கொண்டு வா, விற்பதைப் பிறகு பார்ப்போம் என்றேன். உறையின் ஜிப்பைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. வேர்த்த கையில் நாள்பூரா சாவிக்கொத்தை வைத்திருந்தால் ஒரு வாசம் வருமே, அது. தடித்த நாலு கம்பியும் தேய்க்காமல் போட்ட குத்துவிளக்கு மாதிரி கறுத்து, அங்கங்கே பச்சைக் களிம்பு. மெல்லிசு இரண்டிலும் துருப்புள்ளி. விரலை ஒரு இழுப்பு இழுத்தேன், உப்புத்தாள் மாதிரி இருந்தது. நாலு விரல் நுனியிலும் கறுப்புக் கோடு.

"இதை எப்போ மாத்தினே?"

"மாத்தணுமா? இன்னும் அறுந்து போகலையேண்ணா!"

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

என் அத்தை வீணை வாசிப்பவர். சாரணித் தந்தி அறுகிற வரைக்கும் அவர் காத்திருந்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் மீட்டிவிட்டு முகத்தைச் சுளிப்பார், "இது செத்துப்போச்சு" என்பார், அன்று சாயங்காலமே புதுத் தந்தி ஏறிவிடும். சின்ன வயதில் எனக்கு அது வீண்செலவாகப் பட்டது. நன்றாகத்தானே சத்தம் வருகிறது? சத்தம் வரும், நாதம் வராது என்று இப்போது புரிகிறது. வீணைக்காரர்களுக்கு இது பாலபாடம். கிடார் வாங்கிய நம் பையன்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. பத்தாயிரத்துக்குக் கிடார் வாங்கித் தருகிற அப்பா, அறுநூறு ரூபாய்க் கம்பிக்கு "இருக்கிறதே நல்லாத்தானே இருக்கு" என்கிறார்.

கம்பி ஏன் சாகிறது? கிடாரின் தடித்த கம்பி ஒற்றைக் கம்பி இல்லை. உள்ளே எஃகு, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய செம்புக் கலவை இழை. அந்தச் சுற்றுகளின் இடுக்கில் வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, செத்த தோல் எல்லாம் போய் உட்காரும். எடை கம்பி நெடுக ஒரே சீராக இருந்தால்தான் சுரம் சுத்தமாக வரும். அழுக்கு ஒரு இடத்தில் கூட, ஒரு இடத்தில் குறைய ஏறினால் அது கெட்டுவிடும். ட்யூனர் ஆப்பில் வெறும் கம்பி பச்சை விளக்கு காட்டும், மூன்றாம் ஃப்ரெட்டில் (வீணைக்கு மெட்டு மாதிரி கிடார்க் கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) அழுத்தினால் அபஸ்வரம். வாசிக்கிறவன் தன் காதைச் சந்தேகப்படுவான், பிறகு தன் விரலை. கம்பியைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

இதில் நம்ம ஊர்க் காற்று வேறு. என் வீட்டிலிருந்து கடற்கரை நடக்கிற தூரம்தான். ஜன்னல் கம்பியே மூன்று வருஷத்தில் துருப்பிடித்து உதிர்கிறது. கிடாரின் முதல் கம்பி, இருப்பதிலேயே மெல்லிசு, கால் மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான், அது எம்மாத்திரம்? குளிர்நாட்டுக்காரர் யாரோ யூடியூப்பில் "மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்" என்பார். அதைச் சென்னையில் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தினம் ஒரு மணிநேரம் வாசிக்கிற, கை அதிகம் வேர்க்கிற ஆள் என்றால் சாதாரணக் கம்பி இங்கே ஆறு வாரம் தாண்டினாலே பெரிது. இது என் கையை வைத்துச் சொல்கிற கணக்கு. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால், கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்து, ஒரு துடைப்பு துடைத்தால் இன்னும் சில வாரம் ஓடும்.

சரி, எதை வாங்குவது?

முதலில் தடிமன். கடையில் 10 செட், 11 செட், 12 செட் என்பார்கள். முதல் கம்பி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண். 12 செட்டில் .012-இல் தொடங்கி .053 வரை போகும். 10 செட்டில் .010-இலிருந்து .047. பார்த்தால் மயிரிழை வித்தியாசம். ஆனால் சுருதி சேர்த்தபின் 12 செட்டின் ஆறு கம்பியும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். 10 செட் ஏறத்தாழ அறுபது. அந்தப் பத்துக் கிலோவைச் சுமப்பது புதிதாகக் கற்கிறவனின் ஆட்காட்டி விரல்தான், அதுவும் எஃப் கார்டில் ஆறு கம்பியையும் ஒரே விரலால் அமுக்கும்போது.

ஆகவே என் கட்சி இது: கற்றுக்கொள்கிற முதல் வருஷம் 10 செட் போடுங்கள், வெட்கப்படாதீர்கள். "12-க்குக் கீழே போட்டால் கிடாரில் சத்தமே வராது" என்று வீராப்புப் பேசுகிறவர்கள் உண்டு. பாதி உண்மை. மெல்லிய கம்பியில் கனம் குறையும், ஓங்கி அடித்தால் ஃப்ரெட்டில் பட்டு நரநரக்கும். ஆனால் கிடாரை மூலையில் சாத்திவிட்டால் வருகிற சத்தத்தை விட அது எவ்வளவோ மேல். விரல் காய்த்த பிறகு 11-க்கோ 12-க்கோ ஏறிக்கொள்ளலாம்.

அடுத்தது உலோகம். இதில் எனக்கு ஒரு தீராத வேடிக்கை. அட்டையில் '80/20 பிரான்ஸ்' என்று போட்டிருப்பான். எண்பது பங்கு செம்பு, இருபது பங்கு துத்தநாகம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் என்ன? பித்தளை! நம் வீட்டுப் பித்தளையை வெண்கலம் என்று பேர் வைத்து விற்கிறார்கள். 'பாஸ்பர் பிரான்ஸ்' என்பதுதான் செம்பும் வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும் கலந்த நிஜ வெண்கலம். 1974-இல் டடாரியோ நிறுவனம் அதைக் கிடார்க் கம்பிக்குக் கொண்டுவந்தது. பித்தளை முதல் வாரம் பளீரென்று கணீர்க்கும், பிறகு சட்டென்று மங்கும். வெண்கலம் தொடக்கத்திலேயே கொஞ்சம் இதமான குரல், அந்தக் குரலிலேயே கூடுதல் நாள் நிற்கும். பாட்டுக்குத் துணையாக வாசிக்கிற எனக்கு வெண்கலம்தான்.

பூச்சுப் போட்ட கம்பியும் இருக்கிறது. மழைக்கோட்டுத் துணிக்குப் பேர்போன கோர் நிறுவனம்தான் எலிக்ஸிர் என்ற பெயரில் அதைச் செய்கிறது. சாதாரணக் கம்பியைப் போல் இரண்டு மூன்று மடங்கு விலை. கடலோரக்காரர்களுக்கு அந்தக் காசு வீண் இல்லை. ஆனால் முதல் இரண்டு தடவை விலை குறைந்ததையே வாங்குங்கள், ஏனென்றால் மாட்டும்போது ஒன்றாவது அறுப்பீர்கள்.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் கிடார் எந்த ஜாதி என்று ஒருமுறை பாருங்கள். இதை அடிபட்டவன் சொல்கிறேன். கல்லூரி முதல் வருஷம், இரண்டாம் கையாக ஒரு கிடார் வாங்கினேன். மூன்று கம்பி தூண்டில் நரம்பு மாதிரி இருந்தது, கம்பியின் அடிமுனையைப் பிடித்து நிற்கிற பிரிட்ஜ் கட்டையில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன், "எல்லாக் கிடாருக்கும் ஒரே கம்பிதான் தம்பி" என்று எஃகுக் கம்பி கொடுத்தார். மாட்டினேன். என்ன கணீர்! மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அறையில் பட்டாசு வெடித்தாற்போல் படார். பிரிட்ஜ் மேல்பலகையின் ஒரு சிராயையும் பிய்த்துக்கொண்டு தொங்கியது. அது நைலான் கம்பிக்குச் செய்த கிளாசிக்கல் கிடார். நாற்பது கிலோ இழுப்புக்குச் செய்த பலகையில் எழுபதை ஏற்றியிருக்கிறேன். முடிச்சு இருந்தால் நைலான், பிரிட்ஜில் குமிழ்த் தலை வைத்த ஆறு 'பின்' (செருகுகிற குட்டி முளை) இருந்தால் எஃகு. பெரும்பாலும் இந்த அடையாளம் போதும்.

தம்பிக்கு வருவோம். கடைக்குப் போய் 10 செட் பாஸ்பர் பிரான்ஸ் ஒன்று வாங்கிவந்தோம். பழைய கம்பியை இறுக்கத்தோடு வெட்டப் போனான், கையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் தொளதொள என்று தளர்த்து, பிறகு வெட்டு. இல்லாவிட்டால் முகத்தில் அடிக்கும். "ஆறையும் ஒண்ணாக் கழட்டினா கழுத்து உடைஞ்சிடும்னு சொல்றாங்களேண்ணா?" உடையாது. கழற்றினால்தான் ஃப்ரெட் பலகையைத் துடைக்க முடியும். இரண்டு வருஷத்து அழுக்கு, பழைய டூத்பிரஷ்ஷில் திரிதிரியாக வந்தது. ரோஸ்வுட் பலகைக்குக் கடைசியாக நாலு சொட்டு லெமன் ஆயில். லெமன் ஆயில் என்றால் எலுமிச்சம்பழச் சாறு இல்லை. ஒரு நண்பர் பழத்தைப் பிழிந்தே விட்டிருக்கிறார், அதனால் சொல்கிறேன்.

பிரிட்ஜில் அந்தப் 'பின்'னை மாட்டுகிற இடத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுவது. கம்பியின் முனையில் ஒரு குட்டி வளையம் இருக்கும். பலர் அது பின்னின் அடி முனையில் உட்காரும்படி அழுத்திவிடுவார்கள். முறுக்க முறுக்கப் பின் மேலே எழும்பும், ஒரு கட்டத்தில் துள்ளிப் பறக்கும். வளையம் உள்ளே இருக்கிற பலகையில் போய் மாட்ட வேண்டும், பின் வெறும் காவல்தான். அதனால் முனையை லேசாக மடக்கி விட்டு, பின்னின் பள்ளம் கிடாரின் வாய்ப்பக்கம், அதாவது நடு ஓட்டைப் பக்கம், பார்க்க வைத்து, ஒரு கையால் பின்னை மெல்ல அமுக்கிக்கொண்டே மறு கையால் கம்பியை மேலே இழுக்க வேண்டும். 'டக்' என்று ஒரு நிறுத்தம் கைக்குத் தெரியும். அந்த 'டக்' தம்பிக்கு மூன்றாவது கம்பியில்தான் பிடிபட்டது. முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மேலே சுருதி முறுக்குகிற பிரடையில் தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லிசுக்கு நாலு. ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்குகிற 'நட்' கட்டையின் பள்ளத்தில் பென்சிலால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் சுருதி சேர்க்கும்போது கம்பி சிக்கித் துள்ளாது. புதுக் கம்பி முதல் நாள் சுருதியில் நிற்காது. விரலால் மெல்லத் தூக்கி இழுத்து விட்டு, திரும்பச் சேர்த்து, திரும்ப இழுத்து, நாலைந்து முறை செய்தால் அடங்கும்.

பழைய கம்பி வெட்டுமுனை ஊசி மாதிரி இருக்கும். சுருட்டி டேப் ஒட்டிக் காகிதத்தில் பொதிந்து போடுங்கள், இல்லாவிட்டால் குப்பையைக் கையால் பிரிக்கிற அம்மாவைக் குத்தும்.

எல்லாம் முடிந்து எஃப் பிடித்தான். ஆறில் ஐந்து கம்பி பேசியது. இரண்டு வருஷத்தில் அவன் கேட்காத சத்தம். ஒன்றும் சொல்லாமல் திரும்பத் திரும்ப அதையே அடித்துக்கொண்டிருந்தான், உள்ளேயிருந்து என் மனைவி "வேற பாட்டே கிடையாதா?" என்கிற வரை.

நேற்று ராத்திரி பத்தரைக்கு வாய்ஸ் மெசேஜ். "அண்ணா, ரெண்டாவது பி கம்பியை முதல் ஈ கம்பின்னு நினைச்சு ஏத்திட்டே போனேன், பட்டுனு போயிடுச்சு. கிடாருக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை அவன் மாட்டட்டும், நான் காபி குடிக்கப் போகிறேன்.