நல்ல சேனலில் குறைவாக இருக்க வேண்டும்

அலைக்கற்றைப் பகிர்வின் (உரிமைதாரர் பயன்படுத்தாத நேரத்தில் அவருடைய ரேடியோ சேனலை மற்றவர்கள் பயன்படுத்துவதன்) பாதுகாப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, போலி சிக்னல் தாக்குதலை நன்றாக விளக்குகிறது: உரிமைதாரர் வந்துவிட்டதுபோல ஒருவன் பொய்யாக சிக்னல் அனுப்பினால், மற்றவர்கள் சேனலைக் காலி செய்துவிடுவார்கள். ஆனால் "சேனலை மாற்றிக்கொண்டே இருந்தால் போதும்" என்று ஒரே வரியில் முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. எப்படி மாற்றுவது என்பதில்தான் ஆட்டக் கோட்பாடே (எதிராளி என்ன செய்வான் என்று கணக்கிட்டு முடிவெடுக்கும் கணிதம்) இருக்கிறது.

மாணவர்களுக்கு நான் போட்டுக்காட்டும் கணக்கு இது. இரண்டு சேனல்கள், ஒன்றில் வேகம் நொடிக்கு 100 மெகாபிட், மற்றதில் 50. தாக்குபவனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் முடக்க முடியும். நாம் நல்ல சேனலிலேயே உட்கார்ந்திருந்தால் அதையே முடக்குவான், நமக்குப் பூஜ்யம். பாதிக்குப் பாதி மாறினாலும் அவன் நல்லதைத்தான் அடிப்பான், சராசரி 25. நல்லதில் மூன்றில் ஒரு பங்கு நேரம், சுமாரானதில் மீதி நேரம் என்று, ஊகிக்க முடியாதபடி மாறினால், எதை அடித்தாலும் நமக்குச் சராசரியாக 33 கிடைக்கும். வகுப்பில் யாருமே இதை முதலில் நம்புவதில்லை!

அப்புறம், அமெரிக்காவில் பலர் பகிர்ந்துகொள்ளும் 3550–3700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையையும் சேர்த்திருக்கலாம். அங்கே கடற்படை ரேடார் போன்ற பழைய பயனாளர்களுக்கே முதல் உரிமை. கடலோர சென்சார்கள் ரேடாரைக் கண்டதும், மையக் கணினி அமைப்பு மற்றவர்களை அந்த அலைவரிசையிலிருந்து விலக்குகிறது. அந்த சென்சாரையே ஒருவன் ஏமாற்றிவிட்டால்? அங்கே சேனல் தாவுவது மட்டும் உதவாது. பல சென்சார்களின் சாட்சியை ஒப்பிட்டு, அடிக்கடி தவறிய சென்சாரின் சொல்லுக்கு மதிப்பைக் குறைக்க வேண்டும். அதைப் பற்றித் தனியாக எழுதுங்கள், காத்திருக்கிறேன்.